அலுவலக மடற்புதினமும் கேட்போர் மரபும்

புதின வகைகளுள் மடற்புதினம் என்பது ஒன்று. கதைமாந்தர் ஒருவர்க்கொருவர் எழுதும் மடல்களையே முறைப்பட அடுக்கிக் கதையை நடத்துவது அதன் இயல்பு. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இவ்வகை புதியதொரு கிளை விட்டுள்ளது. ஓர் அலுவலகத்தில் பணிபுரிவோர் தமக்குள் விடுக்கும் மின்னஞ்சல்களாலும் குறுஞ்செய்திகளாலும் காதற்கதை ஒன்றை நகைச்சுவை தோன்றக் கூறுவதே அக்கிளை. ஆங்கிலத்தில் வெளிவந்துள்ள இத்தகு நூல்களைப் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின், அவற்றின் கட்டமைப்பை உற்று நோக்குவார்க்கு அவை நம் அகப்பொருள் மரபோடு ஒப்புமை உடையனவாகத் தோன்றும். அவ்வொப்புமை யாது என்பதையும், தமிழில் இக்கிளை தழைத்தற்குத் தடையாய் நிற்பது யாது என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

கேட்போர் என்னும் உறுப்பு

தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுட்கு உறுப்பாவன முப்பத்து நான்கு எனத் தொகுத்தார். அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றைத் தனித்தனி உறுப்புகளாக எண்ணினார். யார் கூறினார் என்பதோடு அமையாது, யார் கேட்டார் என்பதையும் செய்யுளின் உறுப்பாகக் கொண்டமை கருதற்குரியது. ஒரே சொல் கேட்பார் வேறுபடப் பொருளும் வேறுபடும் என்பதை உணர்ந்தே இவ்வாறு வகுத்தார் எனலாம்.

இதற்குச் சிறந்த சான்று சிறைப்புறம் என்னும் துறையாகும். தலைவன் வேலிப்புறத்தே வந்து நிற்கின்றான். தோழி அதனை அறிவாள். அறிந்தும் அறியாதாள் போலத் தலைவியை நோக்கிப் பேசுகின்றாள். முகவரி தலைவிக்கு, செய்தியோ தலைவனுக்கு. ஊரார் அலர் தூற்றுதலையும், அன்னை காவல் மிகுத்தலையும் தலைவியிடம் கூறுவாள் போன்று, விரைந்து வரைந்துகொள்ளுமாறு தலைவனைத் தூண்டுகின்றாள். முகவரிக்கு உரியவர் ஒருவர், பொருளுக்கு உரியவர் மற்றொருவர் என்னும் இவ்வமைப்பே, வேண்டிய மாற்றங்களோடு, அலுவலக மடற்புதினத்தின் உயிர்நிலையாக உள்ளது என்பது எம் கருத்து.

மேலை நாட்டில் இவ்வகையின் வளர்ச்சி

ஆங்கில மடற்புதினத்தின் தோற்றம் தொழிலோடு தொடர்புடையது. சாமுவேல் ரிச்சர்ட்சன் என்பார் அச்சுத் தொழிலர். மடல் எழுதும் முறையைக் கற்பிக்கும் மாதிரி நூல் ஒன்று எழுதித் தருமாறு நூல் விற்பனையாளர் இருவர் அவரை வேண்டினர். அம்முயற்சியின் இடையே பிறந்ததே 1740-இல் வெளிவந்த 'பமீலா' என்னும் புதினம். பணிப்பெண் ஒருத்தி தன் பெற்றோர்க்கு எழுதும் மடல்களை அவளுடைய தலைவன் கைப்பற்றிப் படிக்கின்றான். தீய எண்ணத்தோடு அவளைத் தொடர்ந்தவன், தனக்கென எழுதப்படாத அம்மடல்களைப் படித்தே மனம் மாறி அவளை மணக்கின்றான். உரியவரல்லாதார் படித்தல் என்பது இவ்வகையின் தொடக்கத்திலேயே கதையைத் திருப்பும் அச்சாக அமைந்துவிட்டது.

அலுவலகக் கருவி காதலுக்குத் தூதாதலை 1879-இல் எல்லா சீவர் தாயர் என்னும் அமெரிக்கப் பெண்மணி எழுதினார். அவர்தம் நூலின் பெயரைக் 'கம்பிவழிக் காதல்' எனத் தமிழில் கூறலாம். தந்தி நிலையத்தில் பணிபுரியும் நங்கை ஒருத்தியும், தொலைவிலுள்ள வேறொரு நிலையத்தான் ஒருவனும் முகமறியாமலே கம்பிவழி உரையாடி அன்பு கொள்கின்றனர். அவனே தான் என்று பொய் கூறி இடையில் வேறொருவன் வந்து நிற்கின்றான். நூல் முழுதும் தந்திச் செய்திகளால் ஆயதன்று. ஆயினும், ஒரே கம்பியில் இணைந்த பிற நிலையத்தாரும் இருவர் பேச்சைக் கேட்டல் கூடும் என்னும் நிலைமை அதில் நகைக்கு இடனாகின்றது. இன்றைய அலுவலக வலையமைப்பின் முன்னோடி அக்கம்பியே என்க.

மின்னஞ்சல் அலுவலகங்களில் பரவிய பின்னர் இக்கிளை விரைந்து வளர்ந்தது. மாட் போமான்ட் எழுதி 2000-இல் வெளிவந்த 'இ' என்னும் புதினம் இலண்டன் விளம்பர நிறுவனம் ஒன்றன் மின்னஞ்சல்களாலேயே இயன்றது. மெக் காபட் எழுதிய 'அடுத்த வீட்டு இளைஞன்' 2002-இல் வெளிவந்தது. நியூயார்க்குச் செய்தித்தாள் அலுவலகத்துப் பெண்ணொருத்தியின் மின்னஞ்சல்களைச் சூழ்ந்து அமைந்தது. ரெயின்போ ரோவெல் எழுதிய 'இணைப்புகள்' 2011-இல் வந்தது. கால்வின் கசுல்கே எழுதி 2021-இல் வெளிவந்த புதினமோ, மின்னஞ்சலையும் விட்டு, அலுவலகத்தார் கூடி உரையாடும் 'ஸ்லாக்' என்னும் செயலியின் செய்திகளால் மட்டுமே ஆகியது.

நகை பிறக்கும் வாயில்கள்

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நிலைக்களனாகப் பிறக்கும் என்பர் தொல்காப்பியர். இந்நான்கனையும் மேற்கூறிய நூல்களில் காணலாம்.

போமான்ட் நூலில் நிறுவனத் தலைவர் எழுதும் மடல்கள் பிழைபட எல்சிங்கி நகரத்துக் கிளைக்கும் சென்றுவிடுகின்றன. இது பேதைமையால் பிறக்கும் நகை. ஊழியர் ஒருவரையொருவர் இகழ்ந்தெழுதுவன எள்ளலின்பாற்படும். காபட் நூலில், அண்டை வீட்டு மூதாட்டி தாக்குண்டு நினைவிழந்து கிடக்க, அவருடைய வளர்ப்பு விலங்குகளைப் பேண ஒருவன் வருகின்றான். மூதாட்டியின் உறவினன் பெயரைப் பூண்டு வந்த அவனைத் தலைவி அவ்வுறவினனே என நம்புகின்றாள். சொல்லப்பட்டதனை ஆராயாது மெய்யெனக் கொள்ளும் இது மடன் ஆகும். அந்நூலின் தொடக்கமும் நோக்கத்தக்கது. காதல் மடல் எதுவும் முற்பட வருவதில்லை. தலைவி காலந்தாழ்ந்து பணிக்கு வருவது பற்றி நிருவாகப் பிரிவினர் விடுக்கும் எச்சரிக்கையே முற்பட வருகின்றது. விதி கூறும் நடையும் தோழியர் இளமைப் பேச்சும் அடுத்தடுத்து நிற்பதனாலேயே நகை விளைகின்றது.

ரோவெல் நூலே கேட்போர் மரபை முழுதும் விளக்குவது. கதை 1999-ஆம் ஆண்டில் நிகழ்கின்றது. செய்தித்தாள் நிறுவனம் ஒன்றில், ஊழியர் மின்னஞ்சல்களுள் விதி மீறியனவற்றைப் படித்து எச்சரிப்பதே லிங்கன் என்பானின் பணி. தோழியர் இருவர் தமக்குள் எழுதும் மடல்கள் அவன் முன் வந்து விழுகின்றன. எச்சரிக்க வேண்டியவன் எச்சரியாது தொடர்ந்து படிக்கின்றான். அவருள் ஒருத்தியின்பால் அன்பு கொள்கின்றான். அவன் சிறைப்புறத்துத் தலைவனை ஒத்தவன். ஆயின் வேற்றுமை ஒன்று உண்டு. குறிஞ்சிப் புனத்துத் தோழி வேலிப்புறத்தானை அறிந்து பேசினாள். இத்தோழியரோ அறியாது எழுதுகின்றனர். அறிந்து பேசுங்கால் அது நயமாகின்றது. அறியாது எழுதுங்கால், நகையோடு, படிப்போன் செய்வது அறமோ என்னும் வினாவும் உடன் எழுகின்றது. அவ்வினாவே அப்புதினத்தை வெறுங் களிப்பினின்றும் உயர்த்துகின்றது.

தமிழில் உள்ள முன்னோடிகள்

தமிழ் மரபில் இவ்வமைப்பு அகத்திணையோடு நின்றுவிடவில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி இருமுறை கோவலனுக்கு முடங்கல் விடுக்கின்றாள். தாழை மடலில் செம்பஞ்சுக் குழம்பால் எழுதி வசந்தமாலை வழி விடுத்த முதல் முடங்கலை அவன் ஏற்கவில்லை. மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகமாணி கொணர்ந்த இரண்டாம் முடங்கலைப் படித்துத் தவறு தன்னதே என உணர்கின்றான். உணர்ந்தவன் மறுமொழி எழுதவில்லை. அம்முடங்கலையே தன் பெற்றோரிடம் சேர்க்குமாறு கோசிகனிடம் கொடுத்துவிடுகின்றான். காதலி காதலனுக்கு எழுதியது, ஒரு சொல்லும் மாறாது, மகன் பெற்றோர்க்கு விடுத்த செய்தியாகின்றது. 'அடிகள்' என்னும் விளி தலைவனுக்கும் பொருந்தும், தந்தைக்கும் பொருந்தும். அம்மாற்றத்திற்கு இடந்தந்தது தமிழின் உயர்வு வழக்கே. இன்று 'பார்வர்டு' என வழங்கும் செயலை இளங்கோவடிகள் அவலச்சுவைக்குப் பயன்படுத்தினார். அதனையே நகைக்குப் பயன்படுத்துவது அலுவலகப் புதினம்.

நகை தோன்றக் காதற்கதையைத் தூதாக்கியதும் தமிழுக்குப் புதிதன்று. விறலிவிடு தூது என்னும் சிற்றிலக்கியம் அத்தகையது. மனைவியோடு பிணங்கிப் பிரிந்தான் ஒருவன் பரத்தையிடம் பொருள் முழுதும் இழக்கின்றான். பின்னர் வள்ளல் ஒருவரால் வளம் பெற்று மீள்கின்றான். மனைவியின் ஊடல் தீர்க்க விறலியை விடுக்கின்றான். அவன் பட்ட இழிவனைத்தையும் தன் வாயாலேயே விறலியிடம் கூறவேண்டியுள்ளது. மனைவி கேட்கவேண்டியதை மூன்றாமவள் முற்படக் கேட்கின்றாள் என்பதே இவ்வகையின் நகை. திருவாடானையைத் தன்னகத்தே கொண்ட சேதுநாட்டு மன்னரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட சேதுபதி விறலிவிடு தூதும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

இலக்கியத்திற்குப் புறத்தேயும் இக்கடற்கரை மக்கள் மூன்றாங் கேட்போரை நன்கு அறிவர். இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பொருள்வயிற் பிரிந்தோர் இப்பகுதியில் பலர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றது முதல் 1964 டிசம்பரில் புயலால் தனுஷ்கோடி அழிந்தது வரை, 'போட் மெயில்' என்னும் வண்டி மக்களோடு அஞ்சலையும் சுமந்து சென்றது. எழுத்தறியா மனைவிக்குக் கணவன் எழுதிய மடலைப் பிறர் ஒருவரே படித்துக் காட்டவேண்டும். ஆகவே, மனைவிக்கு எழுதுவோன் படித்துக் காட்டுவோரையும் எண்ணியே எழுதினான். அன்பை வெளிப்படக் கூறாது, மாட்டையும் மழையையும் வினவுவான்போல் வினவினான். அலுவலகக் கண்காணிப்பை அஞ்சி எழுதும் இன்றைய காதலனும் இதனையே செய்கின்றான்.

தமிழ்ப் புதினத்தின் முன் உள்ள தடை

மறைமலையடிகளின் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' 1921-இல் வெளிவந்து, மடல்வழியே ஒரு புதினத்தை நடத்துதல் தமிழில் இயலும் என நிறுவியது. அற்றேல், அலுவலக மடற்புதினம் தமிழில் தழைத்த கிளையாகாமை என்னை? தடை கருவியில் இல்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்-99 விசைப்பலகை ஏற்பட்டது. இன்று கைப்பேசியிலும் தமிழ் எழுதுதல் எளிது. தடை மொழிநடையில் உள்ளது. தனியார் அலுவலகத்து மடல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இயல்கின்றது; நண்பர்க்குள் விடுக்கும் செய்தி பலகாலும் உரோமன் எழுத்தில் எழுதிய தமிழாக உள்ளது. உள்ளவாறு எழுதின் தமிழ்நூல் ஆகாது. தூய்மைப்படுத்தி எழுதின் உண்மை ஆகாது. புதின ஆசிரியர் எதிர்கொள்ளும் இடர் இதுவே.

இவ்விடரைக் கடக்கும் வழி தமிழிலேயே உண்டு என்பது எம் துணிபு. 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தின் பின் அரசு அலுவலகங்களில் தமிழ் மடல் நடை ஒன்று உருப்பெற்றது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்னும் அதன் உறுப்புகளை நாம் அறிவோம். 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்னும் முடிபில் கேட்பவர் யார் என்பதே மறைந்துவிடுகின்றது. அங்கே மாந்தர்க்குப் பெயர் முதன்மையன்று. கண்காணிப்பாளர், உதவியாளர் எனப் பதவியே முதன்மை. அகப்பாட்டிலும் தலைவன், தலைவி, தோழி என்பனவன்றி இயற்பெயர் சுட்டப்பெறுவதில்லை. ஒருவரைப் பெயரால் அறியாது நிலையால் அறியும் இருவேறு உலகங்கள் இவை.

மேலும், ஆங்கிலத்தில் முன்னிலைக்கு வழங்கும் சொல் ஒன்றே. தமிழிலோ 'அனுப்பவும்', 'அனுப்புங்கள்', 'அனுப்பு' என்னும் மூன்றும் மூன்று உறவுகளைக் காட்டும். ஒரே பிரிவில் பணிபுரியும் இருவருள் ஒருவர், கோப்பு ஒன்றை வேண்டி எழுதும் மடலில் 'அனுப்பவும்' என்பதை விட்டு 'அனுப்பு' என எழுதிவிட்டால், ஒரு விகுதியின் குறைவே காதலை வெளிப்படுத்திவிடும். அம்மடலின் நகல் கண்காணிப்பாளர்க்கும் சென்றிருந்தால், நகையும் அச்சமும் ஒருங்கே பிறக்கும். ஆங்கில ஆசிரியர் பல பக்கங்களில் செய்வதைத் தமிழாசிரியர் ஒரு வினைமுற்றால் செய்தல் கூடும். கலப்பு மொழியையும் அஞ்ச வேண்டுவதில்லை. எவர் எவரோடு எம்மொழியில் பேசுகின்றார் என்பதும் கூற்றிற்கும் கேட்போர்க்கும் உள்ள உறவைக் காட்டும் குறியேயாம்.

முடிபு

அலுவலக மடற்புதினம் மேலை நாட்டில் வளர்ந்த கிளையே. எனினும், உரியவரல்லாதார் கேட்டலால் பொருள் வேறுபடுதல் என்னும் அதன் அடிப்படையைத் தமிழ்ப் பொருளிலக்கணம் நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்திருந்தது. ஆராய்ச்சி மாணவர் செய்யத்தக்க பணி ஒன்று எஞ்சியுள்ளது. உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த மடல்களைப் போற்றி வைத்தமையால், அக்காலப் புலவர் ஒருவர்க்கொருவர் எழுதிய நடையை நாம் இன்றும் அறிகின்றோம். இக்காலத்தார் எழுதும் மடல்களும் செய்திகளும் கைப்பேசி பழுதாகும்போதே மறைந்துவிடுகின்றன. எழுதினோர் இசைவு பெற்று அவற்றைத் திரட்டி, யார் கூற்று, யார் கேட்போர், எக்களன், எக்காலம் என வகுத்து ஆராய்வார் உளராயின், இன்றைய உரைநடைக்கு இலக்கணம் கிடைக்கும். நாளைய புதின ஆசிரியர்க்கு மொழியும் கிடைக்கும்.