நிறம் விழாத இடம் ஆபத்தில்லாத இடமா?

மூளையின் இடப்பக்கம் கட்டி என்றால், பேச்சு போய்விடுமோ என்ற பயம் குடும்பத்தையே உலுக்கிவிடும். அறுவைக்கு முன் சிலருக்கு எஃப்எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். பேச்சுக்கு இயங்கும் பகுதிகள் அதில் நிறமாகத் தெரியும். நிறம் விழாத இடத்தில் கத்தி வைத்தால் ஆபத்தில்லை என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இந்த ஸ்கேன் நரம்பணுவை நேரடியாகப் பார்ப்பதில்லை. இயங்கும் பகுதிக்குக் கூடுதலாகப் பாயும் ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தையே அளக்கிறது. 1990இல் விஞ்ஞானி செய்ஜி ஒகாவா காட்டிய வழி இது. கட்டியை ஒட்டிய ரத்தக்குழாய்கள் பல சமயம் இயல்பாக விரிவதில்லை. அதனால் பேச்சுக்கு உழைக்கும் பகுதியும் படத்தில் வெறுமையாகத் தெரியலாம். எங்கே துல்லியம் அதிகம் வேண்டுமோ அங்கேயே ஸ்கேன் தடுமாறுகிறது. நிறம் விழுந்த இடமெல்லாம் பேச்சுக்கு இன்றியமையாதது என்றும் சொல்ல முடியாது.

காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, வெளியே தமிழ் பேசுவோர் உண்டு. இரு மொழி அறிந்தவர்களின் மூளையில் சில இடங்கள் ஒரு மொழியை மட்டும் தாங்குவதை 1978இலேயே ஆய்வாளர்கள் ஓஜ்மனும் விட்டேக்கரும் மின்தூண்டல் மூலம் காட்டினார்கள். தமிழில் மட்டும் சோதித்தால் தாய்மொழி விடுபட்டுப்போகலாம். வீட்டில் பேசும் மொழி எது என்பதைக் குடும்பமே முன்வந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நம்பகமான சோதனை, நோயாளியை விழிக்கவைத்துச் செய்யும் அறுவைதான். மூளைக்கு வலி தெரியாது. படங்களுக்குப் பெயர் சொல்லச் சொல்லி, மெல்லிய மின்சாரத்தால் ஓர் இடத்தைத் தொடுவார்கள். பேச்சு தடைபட்டால் அந்த இடத்தை விட்டுவிடுவார்கள். 250 நோயாளிகளுக்கு இப்படிச் செய்து 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பிறகும் பேச்சுக்குறை நீடித்தது 1.6 சதவீதத்தினருக்கே. வலிப்பு வரும் அபாயம் இதிலும் உண்டு. எல்லோருக்கும் இது ஒத்துவராது.

பலன், ஆபத்து, மாற்று வழி மூன்றையும் விளக்காமல் அறுவைக்கு வாங்கும் சம்மதம் செல்லாது என்பது சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறைகள். ஆகவே ஸ்கேன் சிடியோடு இன்னொரு நரம்பியல் அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். டாக்டர் கோபிப்பாரோ என்று தயங்க வேண்டாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனை அலட்சியமாக நடந்தால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்: சோதனை எந்த மொழியில் நடந்தது? படத்தை மட்டும் நம்பி வெட்டப்போகிறீர்களா? மின்தூண்டல் வசதி இங்கே உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்?