பிரசவத்திற்குப் பின் வரும் மனநோய்: குணமாகலாம், வேலைக்கும் திரும்பலாம்

பிள்ளை பெற்ற வீட்டில் நம் சமூகம் எதற்கும் குறை வைப்பதில்லை. பூண்டுக் குழம்பு, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட வெந்நீர்க் குளியல், வயிற்றுக்குத் துணிக்கட்டு, காதுக்குப் பஞ்சு, முப்பதாம் நாள் தீட்டுக் கழிப்பு என்று ‘பச்சை உடம்புக்காரி’யைப் பார்த்துப் பார்த்துக் கவனிக்கிறோம். ஆனால், “மனசு எப்படிம்மா இருக்கு?” என்று அவளிடம் கேட்பவர் மிகக் குறைவு. கேட்டாலும், “பிள்ளை பொறந்திருக்கு, இப்பப் போய் அழுவலாமா?” என்று வாயை அடைத்து விடுகிறோம்.

உலக அளவில் பிரசவித்த பெண்களில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு ஏற்படுவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வளரும் நாடுகளில் இது 20 விழுக்காட்டை நெருங்குகிறது. அதாவது ஐந்து தாய்மார்களில் ஒருவர். நம் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

மூன்று நிலைகள்

முதலாவது, பிரசவமான இரண்டு மூன்று நாளில் காரணமின்றி வரும் அழுகையும் எரிச்சலும். பெரும்பாலான தாய்மார்களுக்கு இது வரும். உடலில் ஹார்மோன் அளவு சட்டென்று இறங்குவதும் தூக்கம் கெடுவதும் இதற்குக் காரணம். ஓய்வும் ஆதரவும் இருந்தால் இரண்டு வாரத்திற்குள் தானாகவே அடங்கிவிடும்.

இரண்டாவது, மனச்சோர்வு. இரண்டு வாரம் கடந்தும் அழுகை நிற்காது. பிள்ளை தூங்கினாலும் தாய்க்குத் தூக்கம் வராது. பசி இருக்காது, பிள்ளையைத் தூக்கவே மனம் வராது. அல்லது பிள்ளைக்கு ஏதோ ஆகிவிடும் என்ற பயம் ஓயாது. “நான் நல்ல அம்மா இல்லை” என்ற எண்ணம் உள்ளேயே அரிக்கும். பிரசவித்த முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் இது தொடங்கலாம். தானாகப் போய்விடும் என்று காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது, அரிதானது, ஆனால் ஆபத்தானது. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் ஏற்படும் இதை நம் பாட்டிமார் ‘பிரசவ சன்னி’ என்பார்கள். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திற்குள் தொடங்கும். இல்லாத குரல் கேட்கும், சந்தேகம் முற்றும், நாள்கணக்கில் தூக்கம் இருக்காது, பேச்சு தடம் மாறும். இதைக் காத்துக் கருப்பு என்று எண்ணி மந்திரிக்க அழைத்துப்போகும் ஒவ்வொரு நாளும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. சாமி கும்பிடுவது குடும்பத்தின் விருப்பம். அதற்கு முன்பாக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தக்க சிகிச்சை கிடைத்தால் இந்த நிலையிலிருந்தும் பெண்கள் நன்றாகக் குணமடைகிறார்கள்.

சிகிச்சை எங்கே தொடங்குகிறது?

பிரசவத்திற்குப் பிறகு அரசு கிளினிக்கின் சமூகத் தாதி வீடு தேடி வருவார். பிள்ளைக்குத் தடுப்பூசி போடவும் நாம் அங்கேதான் போகிறோம். பிள்ளையின் எடையைக் கேட்கும்போதே தாயின் மனநிலையையும் சொல்லிவிடலாம். கடந்த 7 நாள்களின் மனநிலையைப் பற்றிய 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ கேள்வித்தாள் பல நாடுகளில் பயன்படுகிறது. 1987இல் வெளியான இதை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். மதிப்பெண் அதிகமாக வந்தால் மருத்துவர் மேலும் விசாரிப்பார். இரத்தச்சோகையும் தைராய்டு கோளாறும் இதே சோர்வைத் தரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள்.

மிதமான பாதிப்புக்கு மனநல ஆலோசனை போதுமானதாக இருக்கலாம். கூடுதலாக இருந்தால் மாத்திரை தேவைப்படும். “மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பால் கொடுக்க முடியாதே” என்ற பயத்தில் பலர் சிகிச்சையையே தவிர்க்கிறார்கள். செர்ட்ரலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. மருத்துவர் கண்காணிப்பில் பால் கொடுத்துக்கொண்டே அவற்றை எடுக்கலாம். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். தெளிவு வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். பாதியில் நிறுத்துவோருக்கு நோய் திரும்புவது சாதாரணம்.

இன்னொரு பயமும் உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததைச் சொன்னால் போலீஸ் வழக்கு வருமோ என்று குடும்பங்கள் மறைத்தன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. தயங்காமல் சொல்லலாம், சொன்னால்தான் காப்பாற்ற முடியும்.

வேலையை விட்டுவிடலாமா?

நோயின் நடுவில் எழும் மிகப் பெரிய கேள்வி இதுதான். தமிழ்ப்பள்ளி ஆசிரியையோ தொழிற்சாலை மேற்பார்வையாளரோ, கணக்காளர் தேர்வில் இரண்டு பாடம் மட்டும் மிச்சம் வைத்திருக்கும் பெண்ணோ, எவராக இருந்தாலும் மனச்சோர்வு ஒரே பாட்டைத்தான் பாடும்: “உன்னால் முடியாது.” அதை நம்பிப் பலர் ராஜினாமா கடிதம் எழுதிவிடுகிறார்கள். குணமான பிறகு அந்த இடம் காத்திருப்பதில்லை. நோய் தெளியும் வரை ராஜினாமா போன்ற பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடுவதே நல்லது.

சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடப்பில் உள்ள 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, 2023 ஜனவரி 1 முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. விடுப்பு முடிந்தும் உடல்நிலை சரியாகவில்லை என்றால் அச்சட்டத்தின் 42ஆவது பிரிவு கைகொடுக்கும். கர்ப்பம், பிரசவம் காரணமாக வந்த நோயால் வேலை செய்ய இயலவில்லை என்று மருத்துவர் சான்றளித்தால், விடுப்பு முடிந்த நாளிலிருந்து 90 நாள் வரை அந்தப் பெண்ணை வேலைநீக்கம் செய்வது குற்றமாகும். ஆகவே, சான்றிதழில் நோய் பிரசவத்தால் வந்தது என்று குறிப்பிடும்படி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விவரம் நிர்வாகத்திற்குத் தெரிந்தால் போதும். சக ஊழியர்களிடம் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கவும் இப்போது சட்டத்தில் வழியுண்டு. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். பிரச்சினை வந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

திரும்புவது எப்படி?

தூக்கம்தான் முதல் மருந்து. எனவே, இரவு ஷிப்டுக்கு உடனே திரும்ப வேண்டாம். ஷிப்ட் மாற்றக் கேட்பதற்கு மருத்துவரின் கடிதம் உதவும். வேலை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரிடம் சில மணி நேரம் விட்டுப் பழக்குங்கள். முடிந்தால் வாரத்தின் நடுவில் வேலைக்குத் திரும்புங்கள். இரண்டு மூன்று நாளில் ஓய்வு நாள் வந்துவிடும். கிளினிக் சந்திப்புகளை வேலையைக் காரணம் காட்டித் தவறவிடாதீர்கள்.

நின்றுபோன படிப்பையோ பதவி உயர்வுத் தேர்வையோ அதே மாதத்தில் தொடங்க வேண்டியதில்லை. ஆனால், கைகழுவவும் வேண்டாம். ஒரு தவணை தள்ளிவைத்து, பிறகு ஒரே ஒரு பாடத்தோடு தொடங்கினாலும் அது முன்னேற்றம்தான். ஏற்கெனவே வேலையை விட்டுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டவர்கள், மீண்டும் பணிக்கு வரும் பெண்களுக்காகத் தேலண்ட்கார்ப் நடத்தும் திட்டத்தைப் பற்றி விசாரிக்கலாம்.

அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடும்போது முன்பு வந்த நோயை முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிடுங்கள். திரும்ப வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்; முன்கூட்டியே தெரிந்தால் தயாராக இருக்கலாம்.

குடும்பம் செய்ய வேண்டியது

தோட்டத்தில் இருந்த காலத்தில் தாய் வெளிக்காட்டுக்குப் போனால் பிள்ளையை ஆயாக் கொட்டகை பார்த்துக்கொண்டது. பக்கத்து லயத்து அக்கா சோறு ஊட்டினார். வேலைக்குப் போகும் தாயை அன்று யாரும் குறை சொல்லவில்லை. நம் பாட்டிமார் எல்லாரும் பால் மரம் வெட்டியவர்கள்தாமே. இன்று அடுக்குமாடி வீட்டின் பத்தாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தாய் தனியாக இருக்கிறாள். அவள் வேலைக்குத் திரும்ப நினைத்தால், “பிள்ளையைவிட வேலையா பெரிசு?” என்கிறோம்.

கணவருக்கு இப்போது சட்டப்படி 7 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஒரே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளோடு பொறுப்பு முடியவில்லை. இரவில் ஒரு முறையாவது பிள்ளைக்கு அவர் எழுந்தால், மனைவிக்கு நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து தூக்கம் கிடைக்கும். மாமியாரோ அம்மாவோ, “நீ போய்ட்டு வா, நான் பார்த்துக்கிறேன்” என்று சொன்னால், அந்தப் பெண்ணின் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

உதவி தேவைப்படுவோர் சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555க்கு அழைக்கலாம். பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் எண் 03-7627 2929. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 999.