அரட்டையின் சாவி யாரிடம்?

விருத்தாசலத்தில் செராமிக் பொம்மை செய்யும் ஒருவர், களிமண் கூழை அச்சில் ஊற்றி, உலர்த்தி, சூளையில் சுட்டு, அந்தப் பிள்ளையாரின் படத்தை வாட்ஸ்அப்பில் சென்னை வியாபாரிக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வியாபாரியிடம் வேறு செயலிதான் இருக்கிறது என்றால் படம் போய்ச் சேராது. மின்னஞ்சலில் இந்தத் தொல்லை இல்லை. ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்குத் தாராளமாகக் கடிதம் போகும்.

காரணம், மின்னஞ்சலுக்குப் பொது விதி உண்டு. தனி முதலாளி கிடையாது.

அதே வழியில், 2016இல் ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ தொடங்கியது மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளம். ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகி, தனி விதிகள், ஆனாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். 2019இல் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதும் இந்தியர்கள் பலர் அங்கே குடிபெயர்ந்தார்கள். நிர்வாகியைப் பிடிக்கவில்லையா, பின்தொடர்பவர்களோடு வேறு சர்வருக்கு மாறிவிடலாம். பழைய பதிவுகள் மட்டும் கூட வராது. அது பெரிய குறைதான். சர்வர் செலவும் யாரோ ஒருவர் தலையில் விழுகிறது.

2025இல் சோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' என்ற செய்திச் செயலி பரபரப்பானபோது, இத்தகைய செயலிகள் யுபிஐ, மின்னஞ்சல் போல ஒன்றோடொன்று இணைய வேண்டும், ஏகபோகம் கூடாது என்றார் சோஹோவின் இணை நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு. நல்ல சொல். அது நடக்கும்வரை, பயன்படுத்தும் நாமும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.