எங்கள் வீட்டுக் கரிக்கணக்கு

ஒரு கிலோ கரியை முழுவதுமாக எரித்தால் எத்தனை கிலோ கரியமிலவாயு கிடைக்கும்? ஒரு கிலோவுக்குக் குறைவாகத்தான் இருக்கும் என்று பலர் சொல்வார்கள். எரிந்தால் பொருள் குறையும் என்பதுதானே அடுப்படி அனுபவம்! வேதியியல் வேறு விடை தருகிறது. கரியின் அணு எடை 12. அதனோடு சேரும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களின் எடை 32. ஆகவே 12 கிராம் கரி 44 கிராம் கரியமிலவாயுவாகிறது. ஒரு கிலோ கரி 3.67 கிலோ வாயுவாகிறது. கூடுதல் எடை காற்றிலிருந்து வந்தது. இந்த ஒரு சமன்பாடும் மின்கட்டண அட்டையும் கையில் இருந்தால், ஒரு வீடு ஆண்டொன்றுக்கு எவ்வளவு கரியமிலவாயுவைக் காற்றில் சேர்க்கிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். எங்கள் வீட்டுக்கு அப்படிக் கணக்கிட்டுப் பார்த்தேன். அதைச் சொல்லுமுன், அந்த வாயுவைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்பதைக் காண்போம்.

பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மொட்டைமாடித் தளம் இரவில் அனல் வீசுவதை நாம் அறிவோம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக அது வெப்பத்தை வெளியிடுகிறது. பூமியும் அவ்வாறே செய்கிறது. அந்தக் கதிர்கள் தடையின்றி விண்வெளிக்குப் போய்விட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே 18 பாகை செல்சியஸ் ஆக இருக்கும். உண்மையில் அது ஏறக்குறைய 15 பாகை. இடையிலுள்ள 33 பாகையையும் நமக்குத் தந்திருப்பவை நீராவி, கரியமிலவாயு, மீத்தேன் போன்ற சில வாயுக்களே. மேகமில்லாத மார்கழி இரவில் பனி கொட்டுவதும், மேகம் மூடிய இரவில் புழுங்குவதும் இதே பௌதிகந்தான்.

காற்றில் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் இந்தக் கதிர்களைத் தொடுவதில்லை. ஒரே வகை அணுக்கள் இரண்டு சேர்ந்த மூலக்கூறு அதிரும்போது அதன் மின்சமநிலை மாறுவதில்லை. ஆகவே அகச்சிவப்புக் கதிர் அதனிடம் பிடிமானம் காண்பதில்லை. கரியமிலவாயுவோ மூன்று அணுக்கள் வரிசையாக நிற்கும் மூலக்கூறு. அது வில்போல் வளைந்து அதிரும்போது 15 மைக்ரான் அலைநீளக் கதிரை விழுங்குகிறது. பூமி விடும் வெப்பக் கதிர்கள் மிகுந்துள்ள பகுதியிலேயே இந்த அலைநீளம் அமைந்துவிட்டது. விழுங்கிய ஆற்றலில் ஒரு பங்கு கீழ்நோக்கியே திரும்பி வருகிறது.

"காற்றில் பத்தாயிரத்தில் நான்கு பங்குதானே அந்த வாயு, அது என்ன செய்துவிடும்?" என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். வேட்டிக்கு நீலம் போடுகிறோமே, ஒரு வாளித் தண்ணீருக்கு எவ்வளவு நீலம் போடுகிறோம்? மற்றதெல்லாம் நிறமற்ற தண்ணீராக இருப்பதால்தான் அந்தச் சிட்டிகை வாளி முழுவதையும் நிறமாக்குகிறது.

இது நேற்றுக் கண்டறிந்த செய்தியன்று. 1856-இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்னும் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்தார். கரியமிலவாயு இருந்த குழாய் மற்றவற்றைவிட அதிகமாகச் சூடேறியது. நிழலுக்கு மாற்றிய பின் ஆறவும் நெடுநேரம் பிடித்தது. அந்தக் கட்டுரையை அறிவியல் மாநாட்டில் வாசித்தவர் அவரல்லர். மின்தூண்டல் அலகுக்குப் பெயர் தந்த ஜோசப் ஹென்றி அவருக்காக வாசித்தார். பின்னர் ஃபூட் மறக்கப்பட்டார். 1859-இல் லண்டனில் ஜான் டிண்டால் வெப்பக் கதிர்களை நேரடியாக அளந்து காட்டினார். வினைவேகப் பாடத்தில் நாம் படிக்கும் அதே அர்ரீனியஸ், 1896-இல் கரியமிலவாயு இரட்டித்தால் பூமி 5 அல்லது 6 பாகை சூடேறும் என்று காகிதத்தில் கணக்கிட்டார். இன்றைய மதிப்பீடு 3 பாகையை ஒட்டியது. குளிர் நாடான ஸ்வீடனில் வாழ்ந்த அவருக்கு, வெப்பம் கூடுவது நல்ல செய்தியாகவே தோன்றியது!

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 315 பங்கு கரியமிலவாயு இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280. 2024-ஆம் ஆண்டின் சராசரி 424-ஐத் தாண்டிவிட்டது. உலக வானிலை அமைப்பின் கணக்கின்படி அந்த ஆண்டு 1850–1900 காலத்தைவிட ஏறக்குறைய 1.55 பாகை வெப்பமாக இருந்தது.

கூடிய வாயு எரிமலையிலிருந்து வந்திருக்கக் கூடாதா? நியாயமான கேள்விதான். காற்றிலுள்ள கரியின் ஐசோடோப்புகள் விடை சொல்கின்றன. கார்பன்-14-இன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது அறவே இல்லை. எரிமலை வாயுவிலும் இல்லைதான். ஆனால் செடிகளிலிருந்து உருவான எரிபொருளில் கார்பன்-13-உம் குறைவு. இன்று காற்றில் அந்த இரண்டின் விகிதமும் குறைந்து வருகிறது. எரிவதற்குச் செலவாகும் ஆக்சிஜனும் அளவிடக்கூடிய அளவு குறைந்து வருகிறது.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். நாங்கள் ஐந்து பேர். மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 140 யூனிட், ஆண்டுக்கு 840. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. ஆக 588 கிலோ. கேஸ் சிலிண்டர் ஆண்டுக்கு ஐந்து. பியூட்டேன் 58 கிராம் எரிந்தால் 176 கிராம் கரியமிலவாயு; 14.2 கிலோ சிலிண்டருக்கு 43 கிலோ. ஐந்துக்கும் 215. நான் கல்லூரிக்கு வந்து போகும் 40 கிலோமீட்டர் பேருந்துப் பயணத்தில் என் பங்கு, 200 நாளுக்கு ஏறக்குறைய 100 கிலோ. இதே தூரத்தை மோட்டார் சைக்கிளில் வந்தால் 370 கிலோ ஆகும். அப்பாவுக்குச் சைக்கிள். மொத்தம் 900 கிலோ; தலைக்கு 180.

இந்தியரின் சராசரி தலைக்கு ஏறக்குறைய 2 டன், அமெரிக்கருக்கு 14 டன்னுக்குக் குறையாது. சிமெண்ட், இரும்பு, உரம், லாரி, தொழிற்சாலை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. எங்கள் 180 அடுப்பும் விளக்கும் பேருந்தும் மட்டுமே. ஆயினும் யாரிடம் எவ்வளவு குறைக்கச் சொல்லலாம் என்பதற்கு இந்த எண்கள் வேண்டும். அம்மா பல ஆண்டுகள் கருவேல விறகில் சமைத்தவர். அந்த விறகின் கரி, மரம் அண்மையில் காற்றிலிருந்து எடுத்தது. மரம் மீண்டும் வளர்ந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும். கேஸின் கரியோ மண்ணுக்கடியிலிருந்து புதிதாக வருவது. கணக்கு இப்படியிருந்தாலும், அந்தப் புகைக்கு அம்மாவைத் திரும்பப் போகச் சொல்பவர் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் படித்தவர் என்பேன். குளிர்சாதன அறையில் ஓர் இரவு உறங்க ஏறக்குறைய 8 யூனிட் ஆகும்; எங்கள் வீட்டுக்கு அது மூன்றரை நாள் மின்சாரம்.

குறைக்கும் வழிகள் பலவற்றை நாம் பத்திரிகைகளில் படிக்கிறோம். சிறியதையும் பெரியதையும் ஒரே தராசில் வைத்து எழுதுகிறார்கள். கைப்பேசிக்குத் தினமும் மின்னேற்ற ஆண்டுக்கு 5 அல்லது 6 யூனிட்தான் செலவு. பழைய 75 வாட் மின்விசிறி நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால் ஆண்டுக்கு 328 யூனிட். அதே காற்றைத் தரும் 30 வாட் பிஎல்டிசி விசிறிக்கு 131 யூனிட். ஒரு விசிறியை மாற்றினால் மிச்சம் 138 கிலோ கரியமிலவாயு, ஏறத்தாழ மூன்று சிலிண்டர்! விலை கூடுதல் என்பதே தடை. விலையில்லாத வழியும் உண்டு. உணவு இடைவேளையில் ஆளில்லாத ஒரு வகுப்பறையில் நான்கு விசிறிகள் ஒரு மணி நேரம் சுழன்றால், 200 நாளில் 60 யூனிட். அதாவது ஒரு சிலிண்டர். நம் கல்லூரியில் எத்தனை வகுப்பறைகள் என்பதை நண்பர்களே எண்ணிக்கொள்ளலாம்.

வீட்டுக் கணக்கில் சேராத ஒன்று எங்கள் வயல். கடைமடைப் பகுதியில் அப்பா ஓர் ஏக்கர் குத்தகைக்குப் பயிரிடுகிறார். நீர் தேங்கிய வயலின் சேற்றில் ஆக்சிஜன் புகாது. அங்குள்ள நுண்ணுயிர்கள் மட்கும் பொருளிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. மண்ணுக்கு மண் மாறுமெனினும், ஓர் ஏக்கரில் ஒரு போகத்துக்கு 40 கிலோ என்று கொள்ளலாம். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமிலவாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். ஆக ஒரு டன்னுக்கு மேல். எங்கள் வீடு முழுவதன் ஓராண்டுக் கணக்கைவிட ஒரு போக நெல்லின் கணக்கு பெரியது! ஆனால் அந்த நெல்லில் எங்களுக்கு என்று நிற்பது சில மூட்டைகளே. மற்றது கொள்முதல் நிலையத்துக்குப் போய் யார் யார் தட்டிலோ சோறாகிறது. அந்தக் கரியை யார் பெயரில் எழுதுவது?

இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் பாதியளவு குறையும். துளையிட்ட ஒரு குழாயை வயலில் இறக்கி, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்ச வேண்டும். விளைச்சல் குறைவதில்லை, தண்ணீரும் மிச்சம். இதை நான் அப்பாவிடம் விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "நீ சொல்றது போர் போட்டவங்களுக்குச் சரி. நமக்கு முறை வச்சுத் தண்ணி வருது. இன்னிக்கு வடிய விட்டுட்டு, அடுத்த முறை வரலன்னா பயிரு என்ன ஆவுறது?" என்றார். மேட்டூரில் திறந்த நீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும் நாளை எந்தச் சமன்பாட்டிலும் நான் படித்ததில்லை. தண்ணீர் விடும் தேதி முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்தால், கதிர் வருவதற்கு முன் இரண்டு தடவை காயவிட்டுப் பார்க்கலாம் என்று பிறகு அவரே சொன்னார்.