துண்டுத் துணியும் ஒரு பெயரும்

சகோதரிகளே, தைத்து முடித்த பின் மெஷினைச் சுற்றிக் கிடக்கும் வெட்டுத் துண்டுகளை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பெரும்பாலும் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிடுகிறோம். சற்றுப் பெரிய துண்டென்றால் சட்டி இறக்கும் பிடிதுணியாகும். இன்னும் கொஞ்சம் மனம் வைத்தால் வாசலுக்கு ஒரு கால்மிதி. அத்தோடு அதன் கதை முடிந்துவிடுகிறது.

உலகின் பல மூலைகளில் அந்தத் துண்டுகளிலிருந்துதான் பெண்களின் பெரிய கலையொன்று பிறந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குக் 'குயில்ட்' என்று பெயர். நாம் ஒட்டுத்துணிப் போர்வை என்று சொல்லலாம். பல நிறத் துண்டுகளை இணைத்து மேல்விரிப்பு ஆக்குவார்கள். அடியில் ஒரு முழுத் துணி. குளிர் நாடென்றால் இரண்டுக்கும் நடுவே பஞ்சோ கம்பளியோ வைப்பார்கள். பின் எல்லாவற்றையும் சேர்த்து ஊசியை ஏற்றி இறக்கிச் சிறு தையல்களால் பிடித்துவிடுவார்கள். வேலை இவ்வளவுதான். பொறுமைதான் பெரிது.

கப்பலில் பிறந்த போர்வை

இன்று அவுஸ்திரேலியாவின் கிராமப்புறங்களில் இது பெண்களின் விருப்பமான பொழுதுபோக்கு. மாடு, ஆடு, சமையல், பிள்ளைகள் என்று நாள் முழுதும் ஓடிய பின் கிடைக்கும் ஒரு மணித்தியாலத்தில் துண்டுகளை வெட்டி அடுக்குகிறார்கள். ஊர்தோறும் சிறு குழுக்களாகக் கூடித் தைக்கிறார்கள். வருடாந்த விவசாயக் கண்காட்சிகளில் மாடுகளோடும் மரக்கறிகளோடும் இந்தப் போர்வைகளும் போட்டிக்கு வைக்கப்படுகின்றன. பேரப்பிள்ளைக்கு ஒன்று, மணப்பெண்ணுக்கு ஒன்று, தீயிலும் வெள்ளத்திலும் வீடிழந்தவருக்கு ஒன்று என்று தைத்துக் கொடுப்பதும் உண்டு.

அந்த நாட்டின் மிகப் புகழ்பெற்ற போர்வை ஒரு கைதிக் கப்பலில் தைக்கப்பட்டது. 1841 ஏப்ரலில் 'ராஜா' என்ற கப்பல் 180 பெண் கைதிகளோடு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. சிறைப் பெண்களின் நலனுக்காக உழைத்த எலிசபெத் ஃப்ரையின் சங்கத்தார் அந்தப் பெண்களுக்கு ஊசி, நூல், துண்டுத் துணிகள் கொடுத்து அனுப்பினார்கள். ஜூலை 19ஆம் திகதி கப்பல் ஹோபார்ட் துறைமுகத்தை அடைந்தபோது 2,815 துண்டுகள் கொண்ட ஒரு பெரிய விரிப்பு தயாராகியிருந்தது. இன்று அது கன்பராவிலுள்ள தேசியக் கலைக்கூடத்தின் பொக்கிஷம்.

1930களின் பொருளாதார நெருக்கடியில் அந்நாட்டு ஏழைக் குடும்பங்கள் மாவுச் சாக்கையும் பழைய கம்பளி உடுப்புகளையும் அடுக்கித் தைத்துப் போர்த்திக்கொண்டன. 'வாகா' என்று அதற்குப் பெயர். காசில்லாத வீட்டில் பிள்ளைகளைக் குளிரிலிருந்து காத்தது தாயின் ஊசிதான்.

நமக்கு நெருக்கமான கைகள்

இது வெள்ளைக்காரர் கலை என்று எண்ண வேண்டாம். வங்காளப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைக்கும் 'காந்தா' தலைமுறை தலைமுறையாக வருவது. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்திமார் ஆபிரிக்க வம்சாவளியினர். அவர்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். அடியில் ஒரு பழைய சேலையை விரித்து, ஓரத்தில் ஆரம்பித்து, துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியால் 'பூ' வைக்காவிட்டால் வேலை முடிந்ததாகக் கருதமாட்டார்கள். பஞ்சு எதுவும் வைப்பதில்லை. எமது வெக்கைக்கும் இதுவே பொருத்தம்.

பெயர் எங்கே போனது?

இங்கேதான் யோசிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. ராஜா கப்பல் போர்வையில் நன்றி கூறும் வாசகம் தைக்கப்பட்டிருக்கிறது. கப்பலின் பெயர் இருக்கிறது. 1841 ஜூன் என்று காலமும் இருக்கிறது. தைத்த பெண்கள் 'கைதிகள்' என்று மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். ஒருத்தியின் பெயரும் இல்லை. மாவுச் சாக்குப் போர்வைகளின் கதியும் இதுதான். பொருள் மிஞ்சியது, செய்தவள் மறைந்துபோனாள்.

இதற்கு மாறாக, 19ஆம் நூற்றாண்டில் வங்காளத்தின் மானதாசுந்தரி என்ற பெண், தன் தந்தைக்காகத் தைத்த காந்தாவில் தன் பெயரையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். அது கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. எத்தனையோ பெண்கள் தைத்தார்கள், இவளை மட்டும் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பென்ட் என்றொரு சிற்றூர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துக் கிழிந்த உடுப்புகளைத் துண்டாக்கிப் போர்வை தைத்தார்கள். 2002இல் அவை ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தின் சுவரில், தைத்தவர்களின் பெயரோடு மாட்டப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றை முத்திரைகளாக வெளியிட்டது. துணி அதே பழைய துணிதான். பெயர் சேர்ந்தபோது அதன் மதிப்பே மாறிவிட்டது.

எமது கரையில்

மருதமுனைக் கைத்தறிச் சாறனையும் சேலையையும் அறியாதவர் யார்? பன்பாய் இழைக்கும் எமது பெண்களின் விரல்களில் எத்தனை வடிவங்கள்! ஆனால் எந்தப் பாயில் எந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறது? "எங்கட மூத்தம்மா இழைச்சது" என்று ஒரு தலைமுறை சொல்லும். அடுத்த தலைமுறைக்கு அது வெறும் பழைய பாய்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரையோர வீடுகளில் மனிதரோடு தறியும் அலுமாரியும் போயின. அலுமாரிக்குள் மடித்து வைத்த உம்மாவின் சேலையும் பிள்ளையின் முதல் சட்டையும் போயின. துணி என்பது உடுப்பு மட்டுமல்ல, ஒருவரின் நினைவும்தான் என்பதை எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இன்று வெளிநாட்டிலிருந்து வரும் தடித்த பூப்போட்ட கம்பளி எங்கள் கட்டில்களில் கிடக்கிறது. நல்லதுதான். ஆனால் அதில் யாருடைய நினைவு இருக்கிறது?

செய்து பார்ப்போமா?

முதலில் சிறிதாகத் தொடங்குங்கள். தொட்டில் பிள்ளைக்கு ஒரு விரிப்புப் போதும். கழுவிக் கழுவி மென்மையான பருத்திச் சாறன், சேலை, சட்டைகளை எடுங்கள். நைலோன் வேண்டாம், வேர்க்கும். புதுக் கைத்தறித் துண்டானால் முதலில் தனியாக நனைத்துக் காயவிடுங்கள். சாயம் போவதும் சுருங்குவதும் அப்போதே தெரிந்துவிடும். இலவம் பஞ்சு வைத்தால் கழுவும்போது கட்டிபடும். ஆகவே இரண்டு மூன்று பழைய துணிகளை அடுக்குவதே மேல். ஓரத்தை உள்ளே மடித்து, பருத்தி நூலால் விரல் அகல இடைவெளியில் வரிவரியாகத் தைத்து வாருங்கள்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். பகல் சமையல் முடிந்து அஸர் வரைக்கும் கிடைக்கும் இடைவேளையில் பாதியை ஒதுக்குங்கள். "என்ன ராத்தா, வேலையில்லாமல் பழந்துணி தைக்கிறீங்க?" என்று கேட்பவர் இருப்பார்கள். சிரித்துவிட்டுத் தையுங்கள். பிறருக்காக ஓடும் நாளில் உங்கள் மனதுக்கென்று அந்த ஒரு மணித்தியாலம் இருப்பதில் குற்றமில்லை.

விற்க நினைப்பவர்கள் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். நாளுக்கு ஒரு மணித்தியாலம் வீதம் 40 நாட்கள் தைத்தால் அது 40 மணித்தியால உழைப்பு. கடையில் விற்கும் மெஷின் விரிப்பின் விலைக்கு அதைக் கொடுத்தால், உங்கள் உழைப்பை நீங்களே சும்மா கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். தொடங்கிய நாளையும் செலவான நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். விலை பேசும்போது அது உங்களுக்காகப் பேசும்.

கடைசியாக, மிக முக்கியமான வேலை ஒன்று. ஒரு வெள்ளைத் துண்டில் உங்கள் பெயர், ஊர், வருடம் மூன்றையும் நூலால் தைத்து, பின்பக்க மூலையில் இணைத்துவிடுங்கள். மையால் எழுதினால் கழுவக் கழுவ மங்கும், தைத்தால் நிற்கும். இடமிருந்தால் யாருக்காகத் தைத்தது, யாருடைய உடுப்பு என்பதையும் சேருங்கள். வீட்டில் மூத்தம்மா இழைத்த பாயோ, உம்மா தைத்த தலையணை உறையோ இருந்தால், அவர்கள் இருக்கும்போதே கேட்டு அதிலும் பெயர் தைத்துவிடுங்கள்.

பெருமைக்காக அல்ல. நாளை உங்கள் பேத்தி அதை விரித்துப் பார்க்கும்போது, "இது யார் தைத்தது?" என்ற கேள்விக்கு அந்தத் துணியே பதில் சொல்லட்டும்.