முதிர்ந்த உருக்கும் மெல்லிய வாயுவும்

உடுப்பிட்டித் தோட்டங்களில் வெங்காயப் பாத்திக்கு வீசப்படும் யூரியா, அமோனியாவிலிருந்து ஆவது. அமோனியாவோ ஐதரசனும் நைதரசனும் கூடிப் பிறப்பது. அவ்விரண்டையும் பெருமளவிற் கூட்டிவைக்க முயன்றபோதுதான், யாவற்றினும் இலேசான ஐதரசன் வலிய உருக்கை என்ன செய்யும் என்பது தெளிவாகத் தெரியவந்தது.

1911 அளவில் செர்மனியிற் கார்ல் பொஷ் என்னும் அறிஞர் இவ்வாயுக்களைப் பேரமுக்கத்தில் வெப்பமேற்றினார். தடித்த உருக்குக் குழாய்கள் ஏறக்குறைய 80 மணித்தியாலத்தில் வெடித்தன. உடைந்ததை அறுத்துச் சோதித்தார். உருக்குக்கு வலிமை தருவது அதிலுள்ள காபன். ஐதரசன் உள்ளே புகுந்து அக்காபனைக் கவர்ந்து மெதேனாகியிருந்தது. வெளியேற வழியற்ற மெதேன் உருக்கை உள்ளிருந்தே பிளந்தது. பொஷ் கண்ட உபாயம் வியப்பானது. உள்ளே மெல்லிரும்பு உறை. வெளியே உருக்குச் சுவர். அச்சுவரிலே சிறு துளைகள். உறையைக் கடந்துவரும் ஐதரசன் உருக்கிலே தங்காது துளைவழியே போய்விடும். துளையிட்டுக் காப்பாற்றிய பாத்திரம் என்றே சொல்லலாம்!

இவ்வளவு தெரிந்த பின்னும் விபத்து ஒழியவில்லை. 2010 ஏப்பிரல் 2ஆந் திகதி, அமெரிக்காவின் அனகோட்டஸ் நகரத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், நாற்பதாண்டுக்குக் கிட்ட உழைத்த வெப்பமாற்றுக் கலமொன்று பிளந்து எழுவர் மாண்டனர். காரணம் அதே ஐதரசன் தாக்குதல். எவ்வளவு வெப்பத்தை எந்த உருக்குத் தாங்கும் எனக் கூறும் வரைபடத்தின்படி அக்கலம் பத்திரமானது எனவே கருதப்பட்டிருந்தது. நமது சப்புகஸ்கந்தை நிலையமும் 1969இல் தொடங்கியதே. எண்ணெயிலுள்ள கந்தகத்தை நீக்க அங்கும் ஐதரசன் வேண்டும். ஆதலின் இது பிறநாட்டுக் கதை மட்டுமன்று.

வாயுவைச் சேமித்து வைக்கும் பாத்திரங்களிலோ இத்தகைய வெப்பம் இல்லை. அங்கே நோய் வேறு. அமிலத்தில் தோய்ந்த இரும்பு ஐதரசனை உறிஞ்சி நொறுங்குந் தன்மை பெறுவதை வில்லியம் ஜோன்சன் 1875இல் விளக்கினார். பாத்திரத்தில் வாயுவை நிரப்பும்போது சுவர் விரிகிறது, வெறுமையாக்கும்போது தளர்கிறது. எங்கோ இருக்கும் மயிரிழைக் கீறல் ஒவ்வொரு முறையும் சிறிது வளர்கிறது. ஐதரசன் உடனிருந்தால் அவ்வளர்ச்சி பத்து மடங்கும் அதற்கு மேலும் விரைவுபடலாம். எனவே பாத்திரத்தின் வயது என்ன என்று மட்டும் கேட்பது பேதைமை. எத்தனை முறை நிரப்பினீர்கள் என்று கேட்க வேண்டும். ஐம்பதாண்டு அசையாதிருந்த பாத்திரம், நாள்தோறும் நிரம்பி வெறுமையான பத்தாண்டுப் பாத்திரத்திலும் திடமாயிருத்தல் கூடும்.

பரிசோதனைகள் சில உண்டு. நீரை நிரப்பி, வழக்கத்திலும் மிகுந்த அமுக்கம் கொடுப்பது ஒன்று. நீர் அமுங்குவது அரிதாதலால், பாத்திரம் உடைந்தாலும் வாயுவைப்போலச் சீறிச் சிதறாது. ஆனால் இது இன்றைய பலத்தைக் காட்டுமேயன்றி நாளைய கீறலைக் காட்டாது. நம் வீட்டுப் பெண்கள் புதுப்பானையை விரலாற் சுண்டிக் காது கொடுப்பார்களல்லவா? பொறியியலாளரும் அவ்வாறே காதுக்கெட்டாத நுண்ணொலியைச் சுவரிற் செலுத்தி, அதன் எதிரொலியாற் கீறலின் ஆழத்தை அறிகின்றனர். கருவியின் கண்ணுக்குத் தப்பக்கூடிய மிகப் பெரிய கீறல் ஒன்று இருப்பதாகவே வைத்துக்கொண்டு, அது உயிருக்கு ஆபத்தாக இன்னும் எத்தனை நிரப்புதல் வேண்டும் எனக் கணிக்கின்றனர். அந்தத் தொகையின் ஒரு பகுதி கழியுமுன்னரே அடுத்த சோதனை.

நாசா நிறுவனத்திடம் 1950களிலும் 1960களிலும் தகட்டின்மேல் தகடு சுற்றிச் செய்த பழைய வாயுப் பாத்திரங்கள் பல உள்ளன. தகடுகளுக்கிடையிலுள்ள இடைவெளியை நுண்ணொலி தாண்டாது. சுண்டினாலும் விடை சொல்லாத பானைகள் அவை. அவற்றின் பழைய உருக்கையே துண்டுதுண்டாக வெட்டி இழுத்து, வளைத்து, அதன் குணத்தை அங்குள்ளோர் புதிதாக அளந்து வருகின்றனர்.