படக் கோப்புகளின் வகையும் பயனும்

நெற்பயிரின் இலையில் தோன்றிய கறைகளைக் களப்பணியாளர் ஒருவர் கைப்பேசியில் படமெடுத்து ஆய்வு நிலையத்திற்கு அனுப்புகிறார் எனக் கொள்க. அங்குப் படத்தைப் பெரிதாக்கிக் காண்பவருக்குக் கறையின் விளிம்பு கலங்கித் தெரிகிறது. குலை நோயா, செம்புள்ளி நோயா என்று துணிய இயலவில்லை. படம் நன்றாகவே எடுக்கப்பட்டது. வழியில் அது சுருக்கப்பட்டதே இக்குறைக்குக் காரணம்.

எண்முறைப் படம் என்பது நிறப் புள்ளிகளின் வரிசையாகும். புள்ளி ஒன்றுக்கு 3 பைட்டு வீதம், 120 இலட்சம் புள்ளிகள் கொண்ட படத்திற்கு 360 இலட்சம் பைட்டுகள் தேவை. இச்சுமையைக் குறைக்கும் முறைகள் இருவகைப்படும். ஒன்று, சுருக்கியதை முழுதும் மீட்கத்தக்கது. மற்றொன்று, சில நுட்பங்களை அடியோடு நீக்கிவிடுவது.

1992இல் தரப்படுத்தப்பெற்ற ஜேபெக் பொதுவாக இரண்டாம் வகையினது. அது படத்தை 8×8 புள்ளிகள் அடங்கிய கட்டங்களாகப் பகுத்து, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத வேறுபாடுகளைக் களைகிறது. இயற்கைக் காட்சிகளுக்கு இது போதும், கோப்பும் சிறிதாகும். ஆயின், எழுத்துகளின் விளிம்பில் மாசு படிந்தாற்போலத் தோன்றும். திருத்திச் சேமிக்குந்தோறும் இழப்பு மிகும்.

1996இல் வெளிவந்த பி.என்.ஜி. எதனையும் இழப்பதில்லை. அட்டவணை, வரைபடம், பெயர் குறித்த பாடப்படம் ஆகியவற்றிற்கு ஆசிரியர்கள் இதனையே கொள்ளுதல் நலம். ஒளிப்படங்களுக்கோ கோப்பு மிகப் பெரிதாகும். 1987இல் தோன்றிய ஜிஃப் ஒரு படத்தில் 256 நிறங்களையே ஏற்கும். எனினும், நீர்ச்சுழற்சி போன்றவற்றை எளிய அசைபடமாகக் காட்ட உதவும். டிஃப் வகை, மூலப்படங்களைக் குறைவின்றிக் காக்க ஏற்றது. அதன் கிளையான ஜியோடிஃப், படத்துடன் அது நிலப்பரப்பில் எவ்விடத்தது என்னும் குறிப்பையும் தாங்குகிறது. ஆதலின் செயற்கைக்கோள் படங்களுக்கு அது பெரிதும் பயன்படுகிறது.

ஜேபெக்கில் இழந்த நுட்பம், பின்னர் அப்படத்தைப் பி.என்.ஜி.யாக மாற்றினும் மீளாது. செய்திச் செயலிகள் பல, விரைவின் பொருட்டுப் படங்களை மேலும் சுருக்கியே அனுப்புகின்றன. அவற்றில் ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு உள்ளபடியே சென்று சேரும். எனவே மூலக்கோப்பைத் தனியே காத்து, படியில் மட்டும் திருத்தம் செய்தல் வேண்டும். இச்சிறு ஒழுங்கைக் கைக்கொண்டால், வயலில் கண்ட கறை ஆய்வாளர் கண்ணுக்கும் தெளிவாகப் புலப்படும்.